என் பெயரில் நீ பட்ட மனஸ்தாபம்

வாழைச்சேனை
3.6.1962

அன்புள்ள மச்சானுக்கு றீற்றா எழுதுவது.

வீட்டில் நான் மட்டும்தான். சுகமாக இருக்கிறேன். மறியற் சிறையில் இருக்கிற புருசனிடம் சுகம் கேட்டு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று மட்டக்களப்புக்குப் போய் உங்கள் வழக்கை நடத்துகிற பிறக்கிராசியாரைக் கண்டேன். உங்கள் அப்பீல் கொழும்புக்குப் போய்விட்டதாம். ஏழு வருடக் கடூழியம் என்று தீர்த்த அன்று நான் கோட்டு வாசலில் அழுததை அவர் பார்த்திருக்கிறார். அதனால் இந்த முறை கதிரை போட்டு இருக்கச் சொல்லிக் கதைத்தார்.

"அப்பீல் கோட்டு ஜட்ஜ்மார் 'நாங்களெண்டாக் குறைச்சுக் குடுத்திருப்பம்' எண்டதுக்காக ஒரு தண்டனையில கை வைக்கமாட்டாங்க, பிள்ளை. தண்டனை கூடிப்போச்சு, இல்லாட்டி முதல் ஜட்ஜ் பிழையான ஒண்டைக் கவனத்தில எடுத்திட்டார் எண்டு நாங்க காட்டவேணும்" என்றார்.

பிறகு தீர்ப்பை எடுத்து வாசித்துத் தமிழில் சொன்னார். 'எதிரி அருளப்பு ஒரு தையல்காரரின் வலக்கையை வெட்டினார். அதற்காக அவர் சிறிதும் மனம் வருந்தியதாக நான் காணவில்லை' என்று நீதிபதி சொல்லியிருக்கிறாராம். நீங்கள் கோட்டில் தீர்ப்புச் சொல்ல இருந்த யூரிமாருக்கு முன்னால், இழுபறியில்தான் கத்தி பட்டது, நான் வெட்டவில்லை என்று சாதித்தீர்கள் அல்லவா? பிறக்கிராசியார் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "வெட்டேல்ல எண்டு நிண்ட மனிசன், வெட்டினதுக்குக் கவலைப்படுறன் எண்டு இப்ப எப்பிடிச் சொல்லுற? தண்டனை கிடைச்சாப் பிறகு எல்லாரும்தான் அழுவாங்க. அந்த அழுகைக்கு நிறை இல்ல. என்ன செஞ்சான் எண்டுதான் பாப்பாங்க."

வல்லிபுரத்தண்ணன் தையற்கடையைப் பூட்டிவிட்டுப் பெண்சாதி புஸ்பத்தக்காவோடு பழுகாமத்துக்கே போய்விட்டார். பெருவிரலும் சுட்டுவிரலும் இல்லை. மற்ற விரல்கள் மடங்காதாம். நான் அங்கே போய் அவர்களைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் உத்தரவு வேண்டும்.

றீற்றா

வெலிக்கடை
19.6.1962

றீற்றா,

உன் கடிதம் பிரித்த உறையோடுதான் என் கைக்கு வந்தது. நான் எழுதுவதையும் இங்கே வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

அந்தக் கைக்காகக் கவலைப்படுகிறேன். இதை நீ பிறக்கிராசியாரிடம் சொல்லலாம். இங்கே எனக்குத் தும்புக் கயிறு திரிக்கிற வேலை. பெருவிரலும் சுட்டுவிரலும் சேராமல் ஒரு முழம்கூடத் திரிக்க முடியாது. சில வேளை என் விரல்களைப் பார்த்தபடி வேலையை விட்டுவிட்டு இருந்துவிடுகிறேன். காவலாளி அதட்டினால்தான் நினைவு வரும்.

ஆனால் கை வேறு, காரணம் வேறு. காரணத்துக்காக நான் மனம் வருந்தவில்லை. அன்று கடலில் ஒன்றும் படவில்லை. வெறும் வலையோடு கரைக்கு வந்தேன். வீட்டில் நீ இல்லை. தைத்துப் பழகுகிறேன் என்று பின்னேரம் தோறும் அந்தக் கடைக்குப் போகத் தொடங்கியிருந்தாய். அங்கே வந்தேன். உள்ளே வரவில்லை, ரோட்டில் நின்றேன். உன் சிரிப்புக் கேட்டது. ஆறு வருடம் உன்னோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அப்படி ஒரு சிரிப்பு உன்னிடம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அந்த மனிதனுக்குத் தெரிந்திருந்தது. மீன் வெட்டுகிற கத்தி இடுப்பில் இருந்தது.

அண்ணன், அண்ணன் என்று எழுதுகிறாய். எழுதினால் ஆகிவிடுமா?

உத்தரவு கேட்டாய். இல்லை. பழுகாமத்துக்குப் போகாதே.

அருளப்பு

வாழைச்சேனை
15.7.1962

மச்சான்,

நான் போய் வந்துவிட்டேன். உங்கள் கடிதம் கிடைத்த பிறகுதான் போனேன். தெரியாமல் போனேன் என்று பொய் எழுத மாட்டேன்.

முதலில் அந்தச் சிரிப்பைச் சொல்கிறேன். கோட்டில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. கடதாசி ஆலையில் வேலை செய்கிற ஒரு பெரியவர் புதுக் காற்சட்டையைக் கடையிலேயே போட்டுப் பார்த்தார். இறுக்கம் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் இல்லை. "நல்லாரிக்கு, நல்லாரிக்கு" என்று சொல்லிக்கொண்டே வெளிக்கிட்டார். பஸ்ஸில் இடம் இருந்தும் இருக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றபடி போனார். அதைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன். அவ்வளவுதான். இதற்காக ஒரு மனிதனின் கை போயிற்று.

பழுகாமத்துக்கு வாவியைத் தோணியில் கடந்து போனேன். புஸ்பத்தக்கா முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் சுளகை நிலத்தில் போட்டார்.

"இஞ்ச என்னத்துக்குகா வந்த நீ? மிச்ச விரலை எண்ணிப் பாக்கவா?"

நான் வாசற்படிவரை நடந்தேன். உள்ளே அண்ணன் இடக்கையால் கத்தரிக்கோலைப் பிடித்துப் பழைய சீலைத் துண்டொன்றை வெட்டிப் பழகிக்கொண்டு இருந்தார். துணி கோணிக் கோணிப் போயிற்று. என் காலடி கேட்டதும் வலக்கையை மடியில் வைத்துச் சால்வையால் மூடினார். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கத்தான் சொல் தேடிக்கொண்டு போனேன். அந்தச் சால்வையைக் கண்ட பிறகு அந்தச் சொல் வரவில்லை. வேறொன்று வந்தது.

"கடையைத் திறவுங்க, அண்ணன். நீங்க துணியில கோட்டைக் கீறுங்க. வெட்டுறதும் தைக்கிறதும் நான்."

அண்ணன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "ஒன்ட புருசன் அனுப்பினவரா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல."

அக்காதான் கடைசியில் வாயைத் திறந்தார். "தைக்கட்டும். இஞ்ச இருந்து கோணல் சீலை வெட்டி என்ன காணப்போறம்? ஆனா நானும் கடையிலதான் இரிப்பன். இவள்ர கண் எங்க போகுது, ஒங்கட கண் எங்க போகுது எண்டு நான் பாக்கவேணும்."

ஓம் என்றேன். போன கிழமை கடை திறந்தாயிற்று.

றீற்றா

வெலிக்கடை
2.8.1962

றீற்றா,

இங்கே புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். ஓட்டமாவடி கச்சி முகம்மது. லொறி ஓட்டி ஒரு ஆளை மோதியதற்காக வந்தவர். நல்ல மனிதர். ஊர்க் கதை கேட்டேன். "ஒங்கட ஊட்டுக்காரிதானே இப்ப தையக் கடையில! என்ட மகள்ர கலியாணத்துக்கும் அவதான் தைச்சா. அந்த மனிசன் இடக்கையால கோடு கீற, அவ அந்தக் கோட்டிலயே வெட்டிக்கிட்டுப் போவா. பாக்க நல்லாரிக்கும்" என்றார். அது என் நெஞ்சில் எங்கே பட்டதென்று அவருக்குத் தெரியாது.

அவர் கோடு கீறுகிறார். நீ வெட்டுகிறாய். நான் பயந்த காரியம் அன்றைக்கு இருக்கவில்லை என்று நீ சொல்கிறாய். சரி, இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. நானே அதை உண்டாக்கிக் கொடுத்துவிட்டு இங்கே கயிறு திரிக்கிறேன். பாத்திரத்தில் சோறு இருக்கும், நீ அந்த மெசினில் குனிந்து இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும்.

எழும்பி வீட்டுக்குப் போ. எனக்கு அப்பீலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஏழு வருடத்தையும் இருந்து முடிக்கிறேன். நீ அந்தக் கடையில் கால் வைக்கக் கூடாது.

அருளப்பு

வாழைச்சேனை
9.9.1962

மச்சான்,

உடனே பதில் எழுதியிருந்தால் நீங்கள் தாங்கியிருக்க மாட்டீர்கள். அதனால்தான் இவ்வளவு நாள் பிந்தினேன். கடைக்குப் போவதை நான் நிறுத்தவில்லை.

அங்கே நான் என்ன சுகம் அனுபவிக்கிறேன் என்று கேளுங்கள். புஸ்பத்தக்கா மெசினுக்கு எதிரே வாங்குப் பலகையைப் போட்டுக்கொண்டு இருப்பார். நூல் அறுந்து நான் நிமிர்ந்தால் அவர் கண் என் முகத்தில் இருக்கும். அண்ணன் அளவு நாடாவை நீட்டினால் அக்கா நடுவில் கையை விட்டு வாங்கி என்னிடம் தருவார். வருகிறவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கண் புதிதில்லை. ஆறு வருடம் வீட்டில் பார்த்த கண்தான்.

ஒரு நாள் தாங்காமல் கேட்டுவிட்டேன். "அக்கா, என்னில சந்தேகமா?"

"ஒன்னில இல்லகா. அவருக்குக் கை போன நாளிலிருந்து என்ட கையாலதான் சோறு. பொத்தான் பூட்டிவிடுறதும் நான்தான். இனி அவர் வாழுறதுக்கு நான் ஒருத்தி காணுமெண்டு நினைச்சிருந்தன். இப்ப நீயும் வேண்டியிரிக்கு. அதுதான் வயித்தெரிச்சல்."

மச்சான், அக்கா இதை வாய்விட்டுச் சொன்னார். என் முகத்துக்கு நேரே சொன்னார். அதற்குப் பிறகு வாங்கில் இருப்பது குறைந்துவிட்டது. கடைக்குப் பின்னால் அடுப்பை மூட்டிச் சமைக்கிறார். எனக்கும் ஒரு கோப்பை சோறு வரும். நீங்கள் ஒரு நாளாவது என்னிடம் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா? கத்தி எடுக்க முந்தி வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

என் எரிச்சலையும் எழுதிவிடுகிறேன். அக்கா அவருக்குப் பொத்தான் பூட்டுவதைப் பார்க்கும்போது எனக்கும் வயிறு எரியும். விரல் போனாலும் அக்காவின் மனிதர் பக்கத்தில் இருக்கிறார். என் மனிதர் இரண்டு கையோடும் வெலிக்கடையில் இருக்கிறார்.

பிறக்கிராசியார் கடைக்கு வந்து அண்ணனிடம் சத்தியக் கடதாசி எழுதி வாங்கினார். "அருளப்பை நான் மன்னிச்சன் எண்டு எழுதாதீங்க. அது பொய். றீற்றா வந்து தைக்கிறா, அதால நாங்க சாப்பிடுறம் எண்டு எழுதுங்க. அது உண்மை" என்று அண்ணன் சொல்லி, இடக்கையால் கோணல் கையெழுத்து வைத்தார்.

நீங்கள் போகக் கூடாது என்று எழுதியதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

றீற்றா

வெலிக்கடை
14.10.1962

றீற்றா,

அப்பீல் கோட்டில் எனக்காகப் பேசப்போகிற அப்புக்காத்தர் இங்கே வந்து என்னைக் கண்டார். யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய கெட்டிக்காரராம். வல்லிபுரத்தின் சத்தியக் கடதாசியை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்.

"மனவருத்தம் எண்டு நான் வாயாலை சொன்னா ஜட்ஜ்மார் முகட்டைப் பாத்துக்கொண்டு இருப்பினம். தினமும் கேக்கிற கதை. ஆனா உம்மடை மனிசி அந்த ஆளின்ரை கையா இருந்து உழைக்கிறா. இது ஒரு வழக்கிலையும் நான் காணாதது. நீர்தான் அனுப்பினீர் எண்டு சொன்னாக் காணும். உம்மடை வருத்தம் வெறும் பேச்சில்லை, செயல் எண்டாகும்" என்றார்.

நான் தலையை அசைத்தேன். அது ஓமா இல்லையா என்று எனக்கே தெரியாது.

நீ செய்வதை என் மனவருத்தம் என்று விற்கச் சொல்கிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெறுக்கிற காரியத்தை, நான் ஆசையாகச் செய்வித்த காரியம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் சீக்கிரம் வீட்டுக்கு வரலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிற சுவாமியாரிடம் என் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். தண்டனைக்குப் பயந்து பாவத்துக்காகப் படுகிற மனஸ்தாபம் வேறு, தேவ சிநேகத்தால் வருகிற உத்தம மனஸ்தாபம் வேறு என்று ஞானோபதேசத்தில் படித்தோமே. எனக்கு வந்திருப்பது எது என்று கேட்டேன். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார். "அந்த மனிதனின் கை நாளைக்கே சுகமாகி, உன் மனைவியும் அவரும் அந்தக் கடையில் முன்போல் சிரித்துக் கதைத்தால் உனக்குச் சந்தோஷமா?"

கை சுகமாகட்டும் என்று என்னால் மனதாரச் சொல்ல முடிந்தது. மற்றதற்கு ஓம் சொல்ல வாய் வரவில்லை. சுவாமியார் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் கோட்டில் என்ன சொல்ல வேண்டும்? நீ சொல்.

அருளப்பு

வாழைச்சேனை
4.11.1962

மச்சான்,

அதை என்னிடம் கேட்காதீர்கள். பொய்யைச் சொல்லுங்கள் என்று நான் சொன்னால், நான் அந்தக் கடைக்குப் போனது உங்கள் தயவில் என்றாகிவிடும். உண்மையைச் சொல்லுங்கள் என்றால், உங்களை உள்ளே வைத்தவள் நான் என்றாகிவிடும். இரண்டையும் சுமக்க எனக்குப் பலம் இல்லை.

வழக்கு அன்று வரவேண்டும் என்று இருந்தேன். இங்கே ஓயாத மழை. வெள்ளம் றெயில் பாதையை அரித்துவிட்டது, கொழும்புக்கு றெயில் இல்லை. அன்று காலை கோயிலில் உங்களுக்காக மெழுகுதிரி கொளுத்திவிட்டுக் கடைக்குப் போவேன். கடைக்குப் போவேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

றீற்றா

வெலிக்கடை
18.11.1962

அன்புள்ள றீற்றாவுக்கு,

பிறக்கிராசியார் தந்தி அடித்திருப்பார். ஏழு வருடம் நாலாகிவிட்டது. எப்படி ஆனதென்று நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். அப்புக்காத்தருக்கு என்மேல் இன்னும் கோபம்.

மூன்று நீதிபதிமார் இருந்தார்கள். எல்லாம் இங்கிலீசில்தான் நடந்தது. மொழிபெயர்க்கிற முதலியார் என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அரசாங்கத் தரப்பு அப்புக்காத்து எழும்பி, "யூரிமாருக்கு முன்னால் வெட்டவே இல்லை என்றவர், மறியற் கதவு பூட்டிய பிறகு வருந்துகிறார். இது காயப்பட்டவருக்காக வந்த வருத்தமா, தனக்காக வந்த வருத்தமா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. சுவாமியார் கேட்டதும் ஏறக்குறைய அதுதானே.

எங்கள் அப்புக்காத்தர் வல்லிபுரத்தின் சத்தியக் கடதாசியை வாசித்தார். வாசித்துவிட்டு, "என் கட்சிக்காரர் தாம் எடுத்த கைக்குப் பதிலாகத் தம் மனைவியின் கையையே அனுப்பினார்" என்று உரக்கச் சொன்னார். நடுவில் இருந்த நீதிபதி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முதலியார் என் பக்கம் திரும்பினார்.

"நீர்தான் உமது மனைவியை அனுப்பினீரா எண்டு கனம் நீதிபதி கேக்கிறார்."

ஓம் என்ற சொல் என் நாக்கில் வந்து நின்றது, றீற்றா. வீடு தெரிந்தது. கரையில் கவிழ்த்து வைத்த என் தோணி தெரிந்தது. நீயும் தெரிந்தாய், அந்த மெசினில் குனிந்தபடி. நான் அனுப்பியவள்போல் உன்னைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. நான் தடுத்தும் போனவள் நீ.

"இல்லை ஐயா. போகாதே எண்டு எழுதினன். கால் வைக்கக் கூடாது எண்டும் எழுதினன். அவதான் போனா. அது அவட மனசு. என்ட மனசு இல்ல."

அப்புக்காத்தர் தலையில் கை வைத்தார். "ஏன் தடுத்தீர்?" என்று நீதிபதி கேட்டார்.

"எரிச்சல் ஐயா. இண்டைக்கும் எனக்கு எரிச்சல்தான். ஆனா வெட்டினது நான். கத்தி தவறிப் படேல்ல. யூரிமாருக்குச் சொன்னது பொய். வல்லிபுரத்தில ஒரு குற்றமும் இல்ல. என்ட மனிசியிலயும் இல்ல."

முதலியார் அதை இங்கிலீசில் சொல்லி முடித்தார். மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் கதைத்தார்கள். பிறகு நடுவில் இருந்தவர் தீர்ப்புச் சொன்னார். முதலியார் சொன்னது எனக்கு நினைவில் நிற்கிறபடி எழுதுகிறேன்.

மனைவி செய்த நன்மையைப் புருசனின் மனவருத்தமாக எடுக்க முடியாதாம். இவ்வளவு பிந்தி வருகிற வருத்தத்துக்கும் பெரிய நிறை கொடுக்க மாட்டார்களாம். ஆனால் வழக்காட எவருக்கும் உரிமை உண்டு, வழக்காடினார் என்பதற்காக ஒருவரின் தண்டனையைக் கூட்டக் கூடாது, முதல் நீதிபதி அப்படிக் கூட்டிவிட்டார் போலத் தெரிகிறது என்றார். "இந்த மனிதருக்கு உதவக்கூடிய ஒரு பொய்யை அவருடைய அப்புக்காத்தரே கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கவில்லை. அவர் பொறாமை தீர்ந்துவிட்டதென்று நாங்கள் நம்பவில்லை. அவரும் அப்படிச் சொல்லவில்லை. என்றாலும் இங்கே சொன்னதைக் கேளாதவர்கள்போல் நாங்கள் இருக்க முடியாது." நாலு வருடம் என்று முடித்தார்.

நன்னடத்தைக் கழிவு போனாலும் இன்னும் காலம் இருக்கிறது. இப்போதே ஒன்று கேட்கிறேன். நான் நன்றாக மெலிந்துவிட்டேன். பழைய சட்டை ஒன்றும் தோளில் நிற்காது. என்னை விடுதலை செய்த அன்று வாழைச்சேனையில் இறங்கி நேரே வீட்டுக்கு வரமாட்டேன். கடைக்கு வருவேன். வல்லிபுரத்துக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பேன். அவர் எனக்கு ஒரு சட்டைக்கு அளவெடுக்கட்டும். நீ பக்கத்தில் நின்று அவரோடு வேலை செய். எனக்கு எரியும். எரிந்தாலும் நிற்பேன்.

அவர் சம்மதிப்பாரா என்று கேட்டு எழுது.

அருளப்பு

வாழைச்சேனை
9.12.1962

அன்புள்ள மச்சான்,

தந்தி வந்த அன்று நாலு என்பதைப் பார்த்து அழுதேன். உங்கள் கடிதம் வந்த பிறகு வேறு மாதிரி அழுதேன். ஓம் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு குறைத்திருப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அதை நினைத்து இடைக்கிடை கோபமும் வருகிறது. அதுவும் உண்மை, எழுதிவிட்டேன்.

நீங்கள் வந்த பிறகும் நான் கடையை விடமாட்டேன். அதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

நத்தார்ப் பண்டிகை வருகிறதால் கடையில் சனம். கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை அண்ணனுக்கு வாசித்தேன். அவர் ஒரு துணியில் கோடு கீறிக்கொண்டு இருந்தார். நான் வாசித்து முடிந்தும் கோடு முடியவில்லை. ஓரம்வரை கீறிவிட்டுச் சோக்குக் கட்டியை மேசையில் வைத்தார். சால்வை நழுவி வலக்கை தெரிந்தது. அவர் அதை மூடவில்லை.

அக்கா பின்னால் இருந்து சத்தம் போட்டார். "வரட்டும். அந்தாள் இஞ்ச நிக்கிற நேரம் நான் நடுவில நிப்பன். கையில கரண்டியோட நிப்பன்."

அண்ணன் அளவு நாடாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார்:

"அளவெடுப்பன். தைச்சும் குடுப்பம். நான் அவனோட கதைக்கமாட்டன். அவனும் என்னோட கதைக்க வேணாம் எண்டு எழுது."

மச்சான், அந்த மனிதரிடம் இதற்குமேல் கேட்க எனக்கு வாய் இல்லை. எனக்கு இது போதும். உங்களுக்கும் போதுமா என்று ஆறுதலாக யோசித்து எழுதுங்கள்.

றீற்றா